பழைய பூட்ஸும் ஒரு டாங்கியும்

சென்ற இதழில், எதிரியின் சங்கேதங்களை உடைத்த பிளெட்ச்லி பார்க்கின் கணித மேதைகளைப் பார்த்தோம். இந்த இதழில் வருகிறவர்கள் வேறு ரகம். நாவலாசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள், ஒரு காலத்தில் கல்லூரியில் பாடம் நடத்தியவர்கள். இரண்டாம் உலகப்போரின் நடுவில் இவர்களைத் தேடிப்பிடித்து, அவசர அவசரமாகப் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு சங்கேதப் புத்தகத்தையும் திணித்து, ஆப்பிரிக்கக் கரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டது பிரிட்டனின் வெளிநாட்டு உளவுத்துறையான எம்.ஐ.6. அங்கே அவர்கள் பட்ட பாடும் அடித்த கூத்தும்தான் இந்த அத்தியாயம்.

இவர்களை ஏன் பிடித்தார்கள்? ஆள் இல்லை, அதுதான் காரணம். 1939 நவம்பர் 9-ஆம் தேதி, ஹிட்லரை எதிர்க்கும் ஜெர்மன் தளபதிகளின் தூதர்களைச் சந்திக்கப்போகிறோம் என்று நம்பி, டச்சு எல்லையிலுள்ள வென்லோவுக்குப் போனார்கள் இரண்டு எம்.ஐ.6 அதிகாரிகள். காத்திருந்தவர்கள் நாஜிகள். எல்லை தாண்டி வந்து இருவரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த கோடைக்குள் ஹாலந்து, பெல்ஜியம், பிரான்ஸ் எல்லாமே ஹிட்லர் கையில். ஐரோப்பாவில் இருந்த ஒற்றர் வலை ஒரே வருடத்தில் அறுந்துபோனது. புதிய ஆட்கள் வேண்டும். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து எடுக்கிற வேலையா இது? உள்ளே இருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களைக் கைகாட்டினார்கள்.

அப்படிக் கைகாட்டியவர்களில் ஒருவர் எலிசபெத் கிரீன். 1938-லேயே எம்.ஐ.6-ல் வேலைக்குச் சேர்ந்த பெண். அவருடைய அண்ணன்தான் நாவலாசிரியர் கிரகாம் கிரீன். 1941-ல் அவருக்கு 36 வயது. இங்கிலாந்தில் ஏற்கெனவே பெயர் பெற்றுவிட்ட எழுத்தாளர், லண்டனில் குண்டு விழுந்த இரவுகளில் வான்தாக்குதல் காவலராகத் தெருத்தெருவாகச் சுற்றியவர். திடீரென்று அவருக்கு விருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. அழைத்தவர் ஒரு 'மிஸ்டர் ஸ்மித்'. ஊரெல்லாம் ரேஷன், இங்கே மட்டும் மது தாராளமாக ஓடியது. வந்திருந்தவர்கள் எல்லோருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருந்தது. குடித்தும் பேசியும் முடித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நடந்தது விருந்தில்லை, நேர்முகத் தேர்வு.

தேர்வு முடிந்ததும் பயிற்சி. ஆக்ஸ்போர்டின் ஓரியல் கல்லூரிக்கு அனுப்பினார்கள். சல்யூட் அடிப்பது எப்படி, மோட்டார் சைக்கிள் ஓட்டுவது எப்படி என்றெல்லாம் பாடம். ஊருக்கு வெளியே ஷாட்டோவர் குன்றில் கிரீன் மோட்டார் சைக்கிள் பழகினார். வண்டிகளுக்குத்தான் அடி. காய்ச்சல் வந்து படுத்தார், பயிற்சி பாதியில் நின்றது. மேற்கு ஆப்பிரிக்காவில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பாடத்திட்டத்தில் இருந்தது, நடத்தினார்கள்.

கிரீனின் நண்பர் மால்கம் மக்கரிட்ஜும் இதே வலையில் வந்து விழுந்தவர்தான். இவரை நம் பக்கத்து ஆள் என்றே சொல்லலாம். 1924 முதல் 1927 வரை திருவிதாங்கூரின் ஆலுவாயில், யூனியன் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். அங்கிருந்து அவர் காந்திக்கு எழுதிய கடிதம் 'யங் இந்தியா'வில் வெளிவந்திருக்கிறது. பிறகு பத்திரிகையாளராகி மாஸ்கோ போய், 1933-ல் உக்ரைன் பஞ்சத்தின் கொடுமையை நேரில் பார்த்து எழுதினார். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்த மனிதர். அவரை உட்காரவைத்து எம்.ஐ.6 சொல்லிக்கொடுத்த பாடம், கண்ணுக்குத் தெரியாமல் எழுதுவது.

ரகசிய மை வகுப்பை மக்கரிட்ஜ் தன் நினைவுகளில் விவரித்திருக்கிறார். தலைவலி மாத்திரையைக் கரைத்தும் மை செய்யலாம். கையில் எதுவுமே இல்லாத நெருக்கடியில் இருக்கவே இருக்கிறது பறவை எச்சம். பாடம் நடத்தியவர் அதைத் தானே சோதித்துப் பார்த்தவர். எச்சம் தானாக வந்து சேராது, பூங்காவுக்குப் போக வேண்டும், கண்ணில் பட்டதும் கைக்குட்டையை நழுவவிட்டு, யாரும் கவனிக்காதபடி குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்குட்டையோடு லண்டன் பூங்காவில் பறவைகளின் பின்னால் நடந்த அந்த மனிதரின் கடமையுணர்ச்சியைப் படிக்கும்போது சிரிப்பும் மரியாதையும் ஒன்றாகவே வருகின்றன.

இதே காலத்தில், எதிரியின் பிடியிலிருந்த நாடுகளில் நாசவேலைக்கு ஆள் அனுப்பிய எஸ்.ஓ.இ. என்ற தனி அமைப்பும் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தது. ஹாம்ப்ஷயரில் பியூலி என்ற பிரபு வம்சப் பண்ணைக்குள் சிதறிக்கிடந்த வீடுகளில் வகுப்பு. பூட்டுத் திறப்பது, ஆள் பின்தொடர்ந்தால் நழுவுவது, பொய்ப் பெயருக்கு ஏற்ற பிறப்பு வளர்ப்பை மனப்பாடம் செய்வது. நடுராத்திரியில் கெஸ்டாபோ உடுப்பில் வந்து தட்டி எழுப்பி, முகத்தில் விளக்கடித்து விசாரிப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் சொந்தப் பெயர் வாயில் வந்தால் தொலைந்தது. காப்பிக்கடைப் பாடம்கூட உண்டு. போர்க்கால பிரான்சில் பால் கிடைக்காது, ஆகவே காப்பி என்றாலே கறுப்புக் காப்பிதான். 'பால் இல்லாமல்' என்று ஒருவர் கேட்டால், அவர் வெளியிலிருந்து வந்தவர் என்று அர்த்தம். ஒரு கோப்பைக் காப்பியில் உயிர் போய்விடும். இதை மிகை என்று யாரும் நினைக்க வேண்டாம். எஸ்.ஓ.இ.யின் பிரெஞ்சுப் பிரிவிலிருந்து போய்த் திரும்பாத 104 பேரின் பெயர்கள் பிரான்சின் வாலான்சே நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

1941 டிசம்பரில் லிவர்பூலிலிருந்து ஒரு சரக்குக் கப்பலில் கிரீன் புறப்பட்டார். பயணிகள் பன்னிரண்டு பேர்தான். நீர்மூழ்கி வருகிறதா, விமானம் வருகிறதா என்று பயணிகளே முறைபோட்டுக் காவல் பார்த்தார்கள். முதலில் போய்ச் சேர்ந்தது நைஜீரியாவின் லாகோஸ். அங்கே மூன்று மாதம் சங்கேதப் பயிற்சி. எண்களைச் சொற்களாக்கி, சொற்களை எண்களாக்கி, பகல் முழுவதும் இதே வேலை.

ராத்திரிக்கு வேறு பொழுதுபோக்கு இருந்தது. கிரீனும் கூடத் தங்கியிருந்த அதிகாரியும் டார்ச் விளக்கோடு கரப்பான்பூச்சி வேட்டையாடுவார்கள். சுவரில் பென்சிலால் மதிப்பெண் குறிக்க வேண்டும். கண் முன்னால் செத்தால் ஒரு மதிப்பெண். கழிப்பறைத் தொட்டியில் நீரோடு போய்விட்டால் செத்ததற்கு அத்தாட்சி இல்லை, ஆகவே அரை மதிப்பெண். உளவுத்துறையில் கிரீன் கண்ட கணக்குகளிலேயே நேர்மையான கணக்கு இதுதான் என்று தோன்றுகிறது. உறுதியான தகவலுக்கு முழு மதிப்பு, உறுதியில்லாததற்குப் பாதி. அந்த வேட்டையை அவர் பிறகு 'தி ஹார்ட் ஆஃப் தி மேட்டர்' நாவலில் அப்படியே பயன்படுத்திக்கொண்டார்.

1942 மார்ச்சில் சியரா லியோனின் தலைநகரான பிரீடவுனில் வேலை தொடங்கியது. எண் 59200. தந்திகளில் கிரீனின் பெயர் இதுதான்.

பிரீடவுன் அப்போது ஒன்றும் மூலையில் கிடந்த ஊர் இல்லை. அட்லாண்டிக்கில் போகும் கப்பல் கூட்டங்கள் கூடிப் புறப்படும் பெரிய துறைமுகம். பக்கத்து பிரெஞ்சு கினியாவும், வடக்கே டாக்காரும் ஜெர்மனிக்குப் பணிந்துபோன விஷி அரசின் கையில். டாக்காரில் ரிஷெலியு என்ற பெரிய பிரெஞ்சுப் போர்க்கப்பல் நின்றிருந்தது. அங்கோலாவிலிருந்து லிஸ்பனுக்குப் போகும் போர்த்துகீசியக் கப்பல்களில் தொழிற்சாலை வைரங்கள் ஒளித்துவைக்கப்பட்டு ஜெர்மனிக்குப் போயின. விஷியின் படை பலத்தை அறிவது, வைரக் கடத்தலைத் தடுப்பது இரண்டும் கிரீனின் பொறுப்பு. வெளியுலகுக்கு ஒரு வேடம் வேண்டுமே! முதலில் யோசித்த வேடங்கள் ஒத்துவரவில்லை. கடைசியில் போலீஸ் சி.ஐ.டி.யின் ஸ்பெஷல் பிராஞ்ச் அதிகாரி என்று ஆனார்.

சதுப்பு நிலத்தில் ஒரு வீடு. காலையில் காரை எடுத்துக்கொண்டு போலீஸ் அலுவலகம் போய்த் தந்திகளை வாங்கிவருவார். வீட்டில் உட்கார்ந்து சங்கேதம் பிரிப்பார், பதில் எழுதுவார், மத்தியானம் ஒரு தூக்கம். மாலையில் பழைய ரயில் பாதையில் ஒரு நடை. இருட்டுவதற்குள் குளித்துவிட வேண்டும். இருட்டினால் குளியலறை எலிகளுக்குச் சொந்தம்.

வீட்டைச் சுற்றியிருந்த வெளியை அக்கம்பக்கத்தில் இருந்த ஆப்பிரிக்கர்கள் கழிப்பிடமாகப் பயன்படுத்தினார்கள். அவர்களுக்கு வேறு இடம் எதையும் யாரும் கட்டித்தரவில்லை. ஈ மொய்த்தது. கிரீன் காலனிச் செயலாளருக்கே நேராகக் கடிதம் எழுதினார், இவர்களுக்கு ஒரு கழிப்பிடம் கட்டித்தாருங்கள் என்று. போலீஸ் கமிஷனர் வழியாக, முறையான வழியில் விண்ணப்பிக்கவும் என்று பதில் வந்தது. போர்க்காலத்தில் 'முறையான வழி' பற்றி சர்ச்சில் சொன்னதை மேற்கோள் காட்டி கிரீன் திருப்பி எழுதினார். பிரதமரின் பெயரைப் பார்த்ததும் வேலை நடந்தது. கழிப்பிடம் எழுந்தது. ஒற்றராக பிரீடவுனில் அவர் இருந்த ஓராண்டில், அந்த ஊர் மக்களுக்குக் கண்ணால் பார்க்கும்படி கிடைத்த பலன் அதுதான். அதைச் சின்ன விஷயம் என்று தள்ள மனம் வரவில்லை.

சங்கேதப் புத்தகம் தனி உலகம். எந்த அதிகாரி எந்தக் காலத்தில் தொகுத்ததோ, அதில் 'அலி' என்ற சொல்லுக்கு ஓர் எண் இருந்தது. அரண்மனை அந்தப்புரங்களில் காவலுக்கு நின்ற ஆண்மை நீக்கப்பட்டவர்களைக் குறிக்கும் சொல். மேற்கு ஆப்பிரிக்கக் கப்பல் போக்குவரத்தைப் பற்றிய தந்தியில் இந்தச் சொல் எப்போது தேவைப்படும்? கிரீனுக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த எண்ணை ஒரு முறையாவது பயன்படுத்திவிட வேண்டும் என்று காத்திருந்தார். காம்பியாவில் இருந்த சக அதிகாரி கிறிஸ்துமஸுக்குத் தன் வீட்டுக்கு வரச்சொல்லித் தந்தி அடித்தார். வாய்ப்பு வந்துவிட்டது. தலைமை அலி சொன்னதுபோல் என்னால் வர இயலாது, மீண்டும் சொல்கிறேன், வர இயலாது என்று பதில் தந்தி போனது. ஆங்கிலத்தில் 'வருவது' என்ற அந்தச் சொல்லுக்குப் படுக்கையறைப் பொருளும் உண்டு என்பதால் காம்பியாக்காரர் எப்படிச் சிரித்திருப்பார் என்று ஊகிக்கலாம்.

இப்படி விளையாடிய மனிதர் வேலையில் சோம்பேறி இல்லை. திட்டம் மேல் திட்டமாக லண்டனுக்கு அனுப்பினார். போர்த்துகீசிய கினியாவில் ஒரு விலைமாதர் விடுதி திறக்கலாம், டாக்காரிலிருந்து வரும் பிரெஞ்சு அதிகாரிகளும் மாலுமிகளும் ரிஷெலியு கப்பலைப் பற்றி அங்கே வாய் திறப்பார்கள் என்பது ஒன்று. தலைமையகத்தில் இதை மேசை போட்டு விவாதித்தார்கள். உருப்படியான தகவல் கிடைக்கும் என்று தோன்றவில்லை என்று நிராகரித்தார்கள். ஒழுக்கக் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

லாகோஸில் இருந்த மேலதிகாரிக்கும் கிரீனுக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது. நாட்டின் எல்லையில் ஓர் ஒற்றரைச் சந்திக்க கிரீன் ஏற்பாடு செய்திருந்த சமயத்தில், துறைமுகத்திலேயே இரு, போர்த்துகீசியக் கப்பல் வருகிறது, சோதனை போடு என்று உத்தரவு வந்தது. கப்பல் சோதனையில் வைரம் கிடைப்பது அபூர்வம். கிடைத்தது வேறொன்று. சந்தேகத்துக்குரிய பயணி ஒருவரின் முகவரிக் குறிப்பேட்டைப் புரட்டியபோது பாரிஸில் இருந்த தெனீஸ் கிளாரூவேனின் பெயர் இருந்தது. கிரீனின் நாவல்களை பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர், அவருடைய இலக்கிய முகவர், தோழி. பிரான்ஸ் விழுந்த பிறகு எந்தச் செய்தியும் இல்லாமல் இருந்த பெயர், ஒரு சந்தேகக் கோப்புக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தது. எதிர்ப்பு இயக்கத்தில் வேலைசெய்த அவர் பிறகு ஜெர்மன் வதை முகாமில் இறந்துபோனார்.

1942 நவம்பரில் கிரீனுக்கு வீட்டிலிருந்து இரண்டு தந்திகள் வந்தன. முதலில் பிரித்தது அப்பா இறந்துவிட்டார் என்றது. அடுத்தது அப்பா கவலைக்கிடம் என்றது. போர்க்காலத் தந்தி வரிசை மாறி வந்திருந்தது. வேடிக்கைகளுக்கு நடுவே இதையும் சொல்லாமல் போனால் பிரீடவுன் வாழ்க்கையைப் பாதிதான் சொன்னதாகும்.

இனி அந்த டாங்கி.

பிரெஞ்சு கினியாவின் கொனாக்ரி விமானதளத்தில் என்ன இருக்கிறது என்று லண்டனுக்குத் தெரிய வேண்டும். கிரீனிடம் ஓர் ஒற்றர் இருந்தார். எழுதப்படிக்கத் தெரியாது. பத்துக்கு மேல் எண்ண வராது, கைவிரல்கள் முடிந்தால் கணக்கும் முடிந்தது. திசைகளில் கிழக்கு மட்டும் தெரியும், தொழுகைக்குத் திரும்பும் திசை என்பதால். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, விமானதளத்துக் கட்டடம் ஒன்றில் ராணுவ டாங்கி நிற்கிறது என்றார். கிரீனுக்கு வேறு வழிகளில் கிடைத்த தகவல்களின்படி அந்தக் கட்டடத்தில் கிடந்தவை பழைய பூட்ஸ்கள்.

கிரீன் ஒன்றையும் மறைக்கவில்லை. அறிக்கையை அனுப்பும்போதே, சொன்னவருக்கு எண்ணத் தெரியாது, திசை தெரியாது, எழுத்து தெரியாது என்று ஒவ்வொன்றாக அழுத்திச் சொன்னார். லண்டனிலிருந்து மதிப்பீடு வந்தது: மிக மதிப்புள்ள அறிக்கை.

ஏன்? கொனாக்ரி விமானதளத்தைப் பற்றி லண்டனில் ஒரு கோப்பு இருந்தது, அதில் ஒரு தாளும் இல்லை. இப்போது ஒரு தாள் வந்துவிட்டது. கோப்பைக் கையில் வைத்திருந்தவருக்கு மகிழ்ச்சி. பூட்ஸ் டாங்கியாவதற்கு அந்த ஏழை ஒற்றர் காரணமில்லை, கிரீனும் காரணமில்லை. பசித்திருந்த கோப்புதான் காரணம். போர்க்கால உளவின் வேடிக்கைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. களத்தில் இருப்பவர் 'தெரியவில்லை' என்று சொன்னால் தலைமையகத்தில் யாருக்கும் பிடிப்பதில்லை. எதையாவது சொன்னால் பாராட்டு வருகிறது.

ஆப்பிரிக்காவின் மறுகரையில், மொசாம்பிக்கின் லோரன்சோ மார்க்கஸில், மக்கரிட்ஜ் துணைத் தூதர் வேடத்தில் இருந்தார். இன்றைய மபூட்டோ. போர்ச்சுகல் நடுநிலை நாடு, ஆகவே அதன் காலனியில் எல்லாத் தரப்பும் சுதந்திரமாக உலவலாம். மொசாம்பிக் நீரிணையில் போகும் நேச நாட்டுக் கப்பல்களின் விவரம் எதிரிக்குப் போய், நீர்மூழ்கிகள் குறிவைத்துத் தாக்கின. அந்த வழியை அடைப்பது மக்கரிட்ஜின் வேலை.

கடற்கரையில் பொலானா என்று ஆடம்பரமான ஓட்டல். மக்கரிட்ஜ் தங்கியது அங்கே. ஜெர்மன் உளவுக்குப் பொறுப்பான வெர்ட்ஸ் தங்கியதும் அங்கேதான். இத்தாலியத் தூதர் கம்பீனியும் அதே ஓட்டல். மூவருக்கும் சாப்பாட்டு அறை ஒன்றே. ஒருவர் சாப்பிட்டு எழுந்து போனால் யாரைப் பார்க்கப் போகிறார் என்று மற்ற மேசைகளில் கண்கள் தொடரும். உள்ளூர் போலீஸில் யாருக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதில் ஒரு போட்டி. ஆனால் மக்கரிட்ஜிடம் மற்ற இருவரிடமும் இல்லாத ஒரு வசதி இருந்தது. அவர்கள் தங்கள் நாட்டுக்கு அடித்த தந்திகளை பிளெட்ச்லி பார்க் படித்துக்கொண்டிருந்தது. எதிர் மேசைக்காரர் ராத்திரி என்ன எழுதினார் என்பது லண்டன் வழியாக இவருக்கு வந்துசேரும்.

போர் முடியும் காலத்தில், விடுவிக்கப்பட்ட பாரிஸில் மக்கரிட்ஜுக்கு இன்னொரு விசித்திரமான பொறுப்பு வாய்த்தது. நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி. வோட்ஹவுஸ் 1941-ல் பெர்லின் வானொலியில் பேசிவிட்டு, துரோகி என்ற பழியோடு பாரிஸில் இருந்தார். அவரைக் கவனித்துக்கொள்ளச் சொன்னார்கள். கவனிக்கப் போனவர் நண்பராகத் திரும்பினார், கடைசிவரை அந்த அப்பாவியின் பக்கம் நின்று வாதாடினார்.

1943-ன் தொடக்கத்தில் கிரீன் இங்கிலாந்து திரும்பினார். போர்ச்சுகலில் இயங்கிய ஜெர்மன் உளவாளிகளைக் கண்காணிக்கும் மேசை அவருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே உட்கார்ந்து பார்த்தபோதுதான், கொனாக்ரிக் கோப்பின் பசி பிரிட்டனுக்கு மட்டும் உரிய நோய் இல்லை என்று தெரிந்தது. ஜெர்மன் ராணுவ உளவான அப்வேரின் லிஸ்பன் ஆட்களில் சிலர், இங்கிலாந்தில் எங்களுக்கு ஒற்றர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி, வீட்டிலிருந்தபடியே அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்ட்ரோ என்ற பெயரில் இயங்கிய பால் ஃபிட்ர்முக் என்ற வியாபாரி கற்பனையையும் ஊர் வதந்தியையும் கலந்து விற்றுக் காசு பார்த்தார். பெர்லின் வாங்கிக்கொண்டே இருந்தது.

இந்தத் தொழிலில் உச்சம் தொட்டவர் பார்சிலோனாவின் ஜுவான் புஜோல். நாஜிகளை வெறுத்தவர். 1941-ல் மாட்ரிட்டில் பிரிட்டிஷாரிடம் போய் உங்களுக்கு ஒற்று வேலை செய்கிறேன் என்றார், துரத்திவிட்டார்கள். சரி என்று ஜெர்மானியரிடம் போனார், சேர்த்துக்கொண்டார்கள். லண்டன் போ என்று பணமும் ரகசிய மையும் கொடுத்தார்கள். புஜோல் லிஸ்பனுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். சுற்றுலா வழிகாட்டி ஒன்று, ரயில் கால அட்டவணை ஒன்று, ஒரு வரைபடம். இவற்றை வைத்துக்கொண்டு லண்டனிலிருந்து எழுதுவதாக எழுதித்தள்ளினார். கிளாஸ்கோவில் ஒரு லிட்டர் ஒயினுக்காக எதையும் செய்ய ஆட்கள் தயார் என்று ஒரு கடிதம். ஸ்காட்லாந்து விஸ்கி நாடு என்பதுகூட அவருக்குத் தெரியாது. பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் கூட்டத் தெரியாததால் செலவுகளைத் தனித்தனியாக எழுதி, மொத்தம் பிறகு அனுப்புகிறேன் என்று முடித்தார். ஜெர்மானியருக்குச் சந்தேகமே வரவில்லை. லிவர்பூலிலிருந்து மால்டாவுக்குப் புறப்பட்டதாக அவர் கற்பனை செய்த கப்பல் கூட்டத்தைத் தேடி எதிரி கடலில் அலைந்தபோதுதான், யார் இந்த ஆள் என்று பிரிட்டன் விழித்துக்கொண்டது. 1942 ஏப்ரலில் அவரை லண்டனுக்கு வரவழைத்து, உள்நாட்டு உளவுத்துறையான எம்.ஐ.5-ன் டோமஸ் ஹாரிஸோடு சேர்த்துவிட்டார்கள். கார்போ என்று பெயர் வைத்தார்கள்.

இருவரும் சேர்ந்து 27 ஒற்றர்களைப் படைத்தார்கள். ஒருவரும் பிறக்காதவர்கள். ஒவ்வொருவருக்கும் ஊர், குணம், வீட்டுப் பிரச்சினை, சம்பளம். லிவர்பூலில் இருந்த ஒற்றர் துறைமுகத்தில் கூடிய பெரிய கப்பற்படையைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேள்வி வரும் என்றதும், அவரை நோயில் படுக்கவைத்துச் சாகடித்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் இரங்கல் விளம்பரமும் வந்தது. இல்லாத மனிதரின் விதவைக்கு ஜெர்மன் உளவுத்துறை உதவிப்பணம் அனுப்பியது. மாட்ரிட்டுக்குப் போன ரகசிய மைக் கடிதங்கள் 315, ஒவ்வொன்றும் சராசரியாக 2,000 சொற்கள்.

வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் இதற்கு ஒரு சோதனை சொல்லியிருக்கிறார். ஒற்றரை ஒற்றர் அறியாதபடி ஆள வேண்டும், மூவர் சொல்வதும் ஒத்துப்போனால் நம்பலாம். ஜெர்மானியரும் அதைத்தான் செய்தார்கள். பல ஊர் ஒற்றர்களின் தகவலை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், ஒத்துப்போனது. அந்த எல்லா வாயும் ஒரே மனிதரின் தலைக்குள் இருந்தால் எப்படி ஒத்துப்போகாமல் இருக்கும்?

1944 ஜூன் 6, நார்மண்டி படையிறக்கம். படை கரையேறப்போகிறது என்ற உண்மைச் செய்தியை, பயன்படுத்த நேரமில்லாதபடி கடைசி நிமிடத்தில் கார்போவே அனுப்பலாம், அதனால் அவர் மீது நம்பிக்கை கூடும் என்று திட்டம். நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவரே ஒப்புதல் தந்தார். விடிகாலை 3 மணிக்கு வானொலியில் மாட்ரிட்டைக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். போரின் மிகப் பெரிய செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரி எழுந்திருக்க வேண்டுமே என்று பிரிட்டிஷ் உளவுத்துறை காத்திருந்தது. காலை 8 மணி வாக்கில்தான் மாட்ரிட் பதில் சொன்னது. புஜோல் விடவில்லை. உயிரைப் பணயம் வைத்து அனுப்புகிறேன், நீங்கள் தூங்குகிறீர்களா என்ற பாணியில் வெளுத்து வாங்கினார். ஜெர்மானியர் சமாதானம் சொல்லி அவரைப் புகழ்ந்தார்கள்.

அந்தக் குற்ற உணர்ச்சி மறைவதற்குள், ஜூன் 9 அதிகாலையில் அடுத்த செய்தி போனது. நார்மண்டி ஒரு பாசாங்கு, உண்மைத் தாக்குதல் கலே பக்கம்தான். அது ஹிட்லரின் தலைமையகம் வரை போனது. நார்மண்டி நோக்கி நகர்ந்த படைகள் நிறுத்தப்பட்டன. வராத தாக்குதலுக்காக ஜெர்மனியின் 15-ஆம் ராணுவம் கலேயில் வாரக்கணக்கில் காத்துக்கிடந்தது. அந்த ஒரு பொய்யால் நார்மண்டிக் கரையில் பிழைத்த இளைஞர்களை எண்ண வழியில்லை. புஜோலுக்கு ஜெர்மனி இரும்புச் சிலுவை அறிவித்தது, அதே ஆண்டில் பிரிட்டன் எம்.பி.இ. பட்டம் தந்தது.

இந்தக் கோப்புகளையெல்லாம் பார்த்த கிரீன் படையிறக்கத்துக்கு முன்பே வேலையை விட்டுவிட்டார். கதை மட்டும் விடவில்லை. வீட்டிலிருந்தபடி பொய் அறிக்கை எழுதும் ஒற்றனைப் பற்றி இயக்குநர் கவல்காந்திக்காகத் திரைக்கதைச் சுருக்கம் ஒன்று எழுதினார். உளவுத்துறையைக் கேலி செய்யும் படத்துக்குச் சான்றிதழ் கிடையாது என்று தணிக்கையில் சொல்லிவிட்டதாக கவல்காந்தி வந்து சொன்னார். 1958-ல் அது 'அவர் மேன் இன் ஹவானா' நாவலாக வந்தது. வாக்குவம் கிளீனர் விற்கும் வோர்மோல்ட், அந்தக் கருவியின் பாகங்களை வரைந்து மாபெரும் ஆயுதம் என்று லண்டனுக்கு அனுப்புகிறான். லண்டன் நம்புகிறது. அவனுடைய ரகசிய எண் 59200/5. பழைய எண்ணை கிரீன் அப்படியே கொடுத்திருந்தார். மறு வருடம் கரோல் ரீட் இயக்கத்தில், அலெக் கின்னஸ் நடிப்பில், புரட்சி முடிந்த கையோடு ஹவானாவிலேயே படமாக்கினார்கள். நாவலைப் படிக்காதவர்கள் தேடிப்பிடித்துப் படித்துவிடுங்கள். கொனாக்ரி அறிக்கையை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், அதில் கற்பனை எவ்வளவு குறைவு என்பது தெரியும்.

லண்டனில் கிரீனுக்கு மேலதிகாரியாக இருந்து, அந்த லிஸ்பன் கோப்புகளை அவரோடு சேர்ந்து சலித்தவர் அன்றைய பஞ்சாபின் அம்பாலாவில் பிறந்த ஓர் ஆங்கிலேயர். பியூலியில் நாசவேலைக்காரர்களுக்குப் பாடம் எடுத்தவர். பொலானா ஓட்டலுக்கு மக்கரிட்ஜுக்குப் போன உத்தரவுகளும் அவர் பார்வையில்தான் போயின. எல்லாக் கோப்புகளிலும் எது டாங்கி, எது பூட்ஸ் என்று சரியாகச் சொல்லக்கூடிய கூர்மை அவருக்கு இருந்தது. பெயர் கிம் பில்பி. 1934 முதல் அவர் மாஸ்கோவின் ஆள். அவருடைய கதையை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)